சஹனில் எடுக்காத கை

போன வருசம், மாரி மழை தொடங்குறதுக்குக் கொஞ்சம் முதல், காத்தான்குடியில ஒரு முஸ்லிம் கலியாண வீட்டில நடந்தது இது.

நான் களுவாஞ்சிக்குடியில ஒரு கந்தோரில, அதாவது ஒபிசில வேலை செய்யிறன். ஒரு காலத்தில நான் இருந்தா கதிரைதான் கத்தும். சீனி வருத்தம், முழங்கால் நோவு, நாலு படி ஏறினா மூச்சு முட்டும். கடைசியில கொழும்புக்குப் போய் உடம்பு குறைக்கிற ஒப்பரேஷன் செய்தன். இரைப்பையில பெரும்பகுதியை வெட்டி எடுத்துப் போட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைச்சு விடுறது. வீட்டில அவருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் இது தெரியும். கந்தோரில பித்தப்பையில கல்லு எண்டு சொல்லிப் போட்டன். ஏனெண்டா எங்கட ஆக்களுக்கு வாய் சும்மா கிடக்காது. தின்னுறதை அடக்க ஏலாம வயித்தை வெட்டிக்கொண்டு வந்திருக்கா எண்டு, தேத்தண்ணி நேரம் முழுக்க என்னைத்தான் சப்பித் துப்பியிருப்பாங்க.

ஒப்பரேஷனுக்குப் பிறகு சாப்பாடு எண்டாலே எனக்குப் பயம். ஒரு நேரத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான். முதல்ல மீனோ முட்டையோ, கடைசியாத்தான் சோறு. ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரைக்கும் சப்பணும். சாப்பிடக்குள்ள தண்ணி குடிக்கப்படாது. எனக்கு வயிறு நிரம்பினா மூக்கால தண்ணி வடியும். அது வந்தா அந்த இடத்திலயே நிப்பாட்டணும், அதுக்கு மேல ஒரு வாய் கூட வைக்கப்படாது. இதையெல்லாம் சொல்லித் தந்த டொக்டர் ஒருக்காக் கூட சிரிக்கல்ல. தையல் பிரிஞ்சா என்ன நடக்குமெண்டும் சொன்னார். அதைக் கேட்ட நாள் தொடக்கம் ஒரு முட்டையை நான் அரை மணித்தியாலம் சாப்பிடுறன். அம்மா முட்டைக்குத் தாலாட்டுப் பாடுறா எண்டு மகள் பகிடி பண்ணுவாள். பகிடி பண்ணிக்கொண்டே என்ட மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் பயம்தான்.

இப்பிடி இருக்கக்குள்ளதான், என்னோட ஒரே அறையில வேலை செய்யிறவ, தன்ட மகளுக்குக் கலியாணம் எண்டு வந்து கூப்பிட்டா. போகாம இருக்க ஏலாது. என்ட அப்பா தவறினப்போ எங்கட வீட்டில வந்து நிண்டு, வந்த சனத்துக்கெல்லாம் தேத்தண்ணி குடுத்தவ அவ.

கலியாண வீட்டில கந்தோர் ஆக்களுக்கு மேசை போட்டு, ஆளுக்கொரு பிளேட் வைச்சிருந்தாங்க. உள்ளுக்க பொம்பிளைகளுக்கு சஹன். சஹன் எண்டா பெரிய வட்டத் தட்டம். அதில சோத்தைக் குவிச்சு, மேல இறைச்சி வைச்சு, சுத்திவர நாலஞ்சு பேர் பாயில இருந்து அதிலயே சாப்பிடுவாங்க. அதைப் பார்த்த உடனே எனக்கு மூளை வேலை செய்தது. பிளேட் எண்டா மிச்சம் கிடக்கிறது பளிச்செண்டு தெரியும். கலியாண வீட்டுக்காரி, என்னோட வேலை செய்யிறவ வந்து, சாப்பாடு நல்லமில்லையா எண்டு கேப்பா. சஹனில நான் எவ்வளவு சாப்பிட்டன் எண்டு ஆருக்குத் தெரியப் போகுது? நானும் உள்ளுக்க இருக்கிறன் எண்டு சொல்லிப் போட்டு, பெரிய கெட்டிக்காரி மாதிரிப் போய்ப் பாயில குந்தினன். நான் மாட்டிறைச்சி சாப்பிடாதவ எண்டு தெரிஞ்சு, வீட்டுக்காரி எங்கட சஹனுக்குக் கோழி வைக்கச் சொன்னா.

அந்தச் சஹனில என்னோட மூண்டு பேர், ஒருத்தரையும் முன்பின் தெரியாது. வலப்பக்கம் இருந்தவ ஏறாவூரில இருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு ஆள். அங்க அக்காவை ராத்தா எண்டுதான் கூப்பிடுறது. எல்லாரும் அவவை அப்பிடிக் கூப்பிட, நானும் ராத்தா எண்டே கூப்பிட்டன். எதிரில இருந்தது ஒரு பிள்ளைத்தாச்சிப் பிள்ளை. விடியச் சாப்பிட்டதெல்லாம் சத்தியா வெளியில வந்திட்டு, இப்பத்தான் பசிக்குது எண்டு சொல்லிக்கொண்டு இருந்தாள். மத்தது அவள்ட மாமி. அவங்களும் ஏறாவூர்தான்.

நான் கோழியைக் கிள்ளி, மெல்லமாச் சப்பி, மெல்லமா விழுங்கினன். கொஞ்ச நேரத்தில மூக்கு வடியத் தொடங்கிட்டு. சரி, இதோட காணும், போதும் எண்டு கையை எடுத்தன். அந்த நிமிசமே மத்த மூண்டு பேரும் கையை எடுத்திட்டாங்க.

எனக்கு ஒண்டும் விளங்கல்ல. சோறு குவிச்சது குவிச்ச மாதிரியே கிடக்குது. நீங்க சாப்பிடுங்க, எனக்குக் காணும் எண்டு சொன்னன். ராத்தாதான் மெதுவாச் சொன்னா. விருந்துக்கு வந்த ஆள் கை எடுத்தா கூட இருக்கிறவங்களும் எடுக்கிறதுதானாம் முறை. வந்தவவைக் கூச்சப்பட வைச்சுப் போட்டு மத்தவங்க இருந்து சாப்பிடுறது சரியில்லையாம். அந்தப் பிள்ளை சோத்தைப் பார்த்துக்கொண்டு விரலை நக்கினாள். நானும் பிள்ளை பெத்தவ, எனக்குப் பொறுக்கல்ல. ஒப்பரேஷன் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். அதைச் சொல்ல எனக்கு வெக்கம். திரும்பவும் சஹனில கையை வைச்சன்.

எல்லாருக்கும் சந்தோசம். நல்ல துண்டாப் பார்த்துப் பார்த்து என்ட பக்கம் தள்ளி விட்டாங்க. தாற துண்டைத் தள்ளி வைக்கவும் ஏலாது. கதைக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஒரு நெஞ்சுத் துண்டைச் சப்பினது பாதி, சப்பாதது பாதியா விழுங்கிட்டன்.

அது இறங்கல்ல. நெஞ்சுக்கு நடுவில, ஆரோ உள்ளுக்க இருந்து முட்டியால அமத்துற மாதிரி ஒரு நோவு. அது முதுகு வரைக்கும் போயிட்டு. பயத்தில செய்யவே கூடாத வேலையைச் செய்தன், தண்ணியை எடுத்துக் குடிச்சன். குடிச்ச தண்ணி அப்பிடியே நுரையா மேல வந்திட்டு. எச்சிலைக் கூட விழுங்க ஏலாது. கண் இருட்டுது, காதுக்குள்ள இரையுது. தையல் பிரிஞ்சிட்டு எண்டுதான் நினைச்சன். டொக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைப்பில வந்திச்சு.

ராத்தாதான் என்ட முகத்தைப் பார்த்திட்டு ஒழும்பினவ. என்னைக் கைத்தாங்கலாப் பிடிச்சுக்கொண்டு வெளியில வந்து ஒரு ஆட்டோவை மறிச்சா. வீட்டுக்காரியும், மகள்ட கலியாணத்தை அப்பிடியே விட்டுப் போட்டு, கட்டின பட்டுச் சாரியோட ஓடி வந்து ஏறினா. ஆசுப்பத்திரிக்குப் போற வழியில கல்லடிப் பாலத்தில வாகனம் நெரிசல். ரெண்டு பக்கமும் வாவி வெயிலில மினுங்குது, எனக்கு மூச்சு எடுக்கவே பயமா இருக்கு. ராத்தா தன்ட முந்தானையால என்ட வாயைத் துடைச்சுக்கொண்டே வந்தா. துடைக்கத் துடைக்க நுரைதான். முதல் ஏதும் வருத்தம் இருந்ததா, ஒப்பரேஷன் ஏதும் செய்ததா எண்டு கேட்டா. நான், சாகப் போறன் எண்டு நினைச்சுக்கொண்டே, வீட்டுக்காரி பித்தப்பைக் கல்லு எண்டு சொல்ல, ஓம் எண்டு தலையை ஆட்டினன். இப்பிடியும் ஒரு விசரி இருப்பாளா?

ஆசுப்பத்திரியில நெஞ்சு நோவு எண்டு சொன்ன உடனே கட்டிலில ஏத்தி, நெஞ்சில வயரெல்லாம் ஒட்டினாங்க. ஒரு இளம் டொக்டர், முதல் ஒப்பரேஷன் ஏதும் செய்ததா எண்டு விசாரிச்சார். எனக்குப் பேச வராததால வீட்டுக்காரியே முந்திக்கொண்டு, பித்தப்பை எடுத்தவ எண்டு சொல்லிட்டா. பாவம், நான் சொன்ன பொய்யைத்தானே அவ சொன்னா. மாரடைப்பா இருக்கலாம் எண்டு, ரத்தம் கட்டாம இருக்கிறதுக்கு ஒரு குளிசையையும் ஒரு மிடறு தண்ணியையும் தந்து, சப்பி விழுங்கச் சொன்னாங்க.

குளிசை என்ட உள்ளங்கையில கிடக்குது. கொழும்பில தந்த புத்திமதியில, விழுங்கவே கூடாத குளிசை எண்டு அதுக்கும் ஒரு இடம் இருந்தது. அதோட எச்சிலே இறங்காத தொண்டை இது. விழுங்கினா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். விழுங்காம இருக்கிறதெண்டா ஏனெண்டு சொல்லணும். ரெண்டு பக்கமும் ரெண்டு பேரும் என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்க. மகள் என்ட மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகம்தான் கண்ணுக்குள்ள வந்திச்சு.

நுரையைத் துப்பிப் போட்டுச் சொன்னன்: "பித்தப்பை இல்ல டொக்டர். உடம்பு குறைக்க இரைப்பையை வெட்டினது. இறைச்சி இறுகிட்டு."

அவர் உடனே குளிசையை என்ட கையில இருந்து வாங்கிட்டார். ஒண்டும் வாயில குடுக்க வேணாம் எண்டு நேர்ஸுக்குச் சொல்லி, என்னை நிமிர்த்தி இருத்தினாங்க. சேலைன் ஏத்தினாங்க. நெஞ்சுப் படத்தில ஒரு குறையும் இல்ல எண்டாங்க. ஆனா சத்திரசிகிச்சை டொக்டர் வந்து பார்க்கும் வரைக்கும் தையலைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. அந்த நேரம்தான் என்ட சீவியத்திலயே நீளமான நேரம். அவர் வர முதலே ஒரு பெரிய ஓங்காளம் வந்து, அந்தத் துண்டு தானா வெளியில வந்திட்டு. பார்த்தா சுண்டுவிரல் நுனி அளவுதான். அதைப் பார்த்திட்டு மூண்டு பேரும் அழுதம். தையலுக்கு ஒண்டுமில்ல எண்டு டொக்டர் வந்து சொன்ன பிறகுதான் வீட்டுக்காரி கலியாணத்துக்குத் திரும்பிப் போனா. ராத்தா, என்ட புருசன் களுவாஞ்சிக்குடியில இருந்து வந்து சேரும் வரைக்கும் என்னோடயே இருந்தா.

மறுகா சுகமாகிக் கந்தோருக்குப் போனன். ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல. வீட்டுக்காரி ஒரு சொல்லு வெளியில விடல்ல. நானாத்தான் தேத்தண்ணி நேரத்தில எல்லாருக்கும் சொன்னன். ரெண்டு நாள் பகிடி பண்ணினாங்க, மறுகா விட்டிட்டாங்க. இதுக்குத்தானா நான் சாகப் பார்த்தன் எண்டு எனக்கே வெக்கமாப் போயிட்டு.

சஹனில எதிரில இருந்த அந்தப் பிள்ளைக்கு ஆம்பிளைப் பிள்ளை பிறந்த சந்தோசத்துக்கு எங்களையும் ஏறாவூருக்குக் கூப்பிட்டாங்க. திரும்பவும் சஹன், திரும்பவும் அதே நாலு பேர். ராத்தா என்ட முன்னுக்கு இருந்த சோத்தை ஒரு சின்னக் கை அளவுக்கு ஒதுக்கி விட்டா.

"உங்களுக்குக் காணுமெண்டாக் கையை எடுங்க மிஸ். நாங்க எடுக்க மாட்டம்."

மூக்கு வடிய முதலே நான் கையை எடுத்தன். அவங்க எடுக்கல்ல. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டே அடுத்த வாயை வைச்சாள். இண்டைக்கும் முதல் வாய் வைக்கக்குள்ள எனக்குப் பயம்தான், அது இனிப் போகாது. ஆனா ஆசுப்பத்திரியில உண்மையை வாய் திறந்து சொன்ன அந்த ஒரு சொல்லாலதான் நான் இண்டைக்கு உயிரோட இருக்கிறன் எண்டு, சாப்பிட்ட கையைக் கழுவுற ஒவ்வொரு முறையும் நினைச்சுக்கொள்ளுறன்.