தங்கச்சி மாப்பிள்ளையைச் சாப்பிடச் சொல்லாதவன்

என் தொடர்கதையின் கெட்டவன் செய்த குற்றங்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். வரப்பை இரண்டடி தள்ளி வெட்டியது. தூங்கும் சித்தப்பாவின் கட்டைவிரலில் மை தடவிப் பத்திரத்தில் பதித்தது. வைக்கோல் படப்புக்குத் தீ வைத்தது. இப்படி ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அவன் திருந்திச் செய்யப்போகும் பரிகாரம். நான் மதுரையில் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டர். விஷத்துக்கு முறிவு கொடுப்பது போலத்தான் இதுவும் என்று நினைத்திருந்தேன்.

கதை, பாய் ஒருவர் நடத்திய சின்ன வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் ஒன்பது பரிகாரமும் முடிந்துவிட்டன. ஒன்பதாவதாக, சித்தப்பாவின் பேரனைக் காப்பாற்றப் போய் நல்லபாம்பிடம் கடி வாங்கினான். நாக்கு தடித்து, பேச்சு நின்று, கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். வாசகர்கள் அழ வேண்டிய இடம்.

அழவில்லை. கார்டு போட்டார்கள். பாய் அந்தக் கார்டுக் கட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"ஏம்மா, ஒருத்தருக்கும் அவன்மேல இரக்கம் வரல. மனசு ஒப்பலைன்னே எல்லாரும் எழுதுறாங்க. வியாழக்கிழமைக்குள்ள மனசு ஒப்புற மாதிரி முடிச்சுக் குடுங்க. இல்லாட்டி கடைசி அத்தியாயத்த என் மச்சினன் எழுதட்டும்."

அவருடைய மச்சினன் கதைகளில் கெட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே முடிவுதான். இடி விழும். சித்திரை வெயிலிலும் விழும். எட்டு மாதம் வளர்த்தவனை இடிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

நோட்டைச் சரிபார்த்தேன். ஒன்பதும் சரியாகத்தான் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று, வண்டியூர்த் தெப்பக்குளத்தில் விழுந்த கன்றுக்குட்டி ஒன்றை அவன் தூக்கிவிட்டதாகச் சேர்க்கப் பார்த்தேன். பாம்பு கடித்துக் கிடப்பவன் வண்டியூர் வரை எப்படிப் போவான்?

மறுநாள் பரவையிலிருந்து காலில் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொள்ள ஓர் அம்மாள் வந்தார். அவர் மருமகள் என் கதையைத் தெருவுக்கே வாசித்துக் காட்டுகிறவள்.

"அக்கா, கதையில பாம்பு கடிச்சுக் கிடக்கானே, அவன்மேல என்ன கோவம் உங்களுக்கு?"

"கிடக்கட்டும் அவன்."

"வரப்பைத்தான் திருப்பிக் குடுத்துட்டானே."

"வரப்ப வெட்டாத மனுசன் யாரு? எங்க வீட்டுக்காரரே வெட்டுவாரு."

"படப்புக்குத் தீ வச்சது?"

"ஏதோ கோவத்துல வச்சிருப்பான்." காலை என் கையிலிருந்து உருவிக்கொண்டார். "தங்கச்சி மாப்பிள்ளை வந்து நிக்கிறாரு. இவன் இலைக்கு முன்னாடி உக்காந்து தின்னுக்கிட்டே பேசி அனுப்புறான். வாங்க மாப்ள, சாப்பிடுங்கன்னு ஒரு வார்த்தை வரல. அவனெல்லாம் ஒரு மனுசனா?"

அது இரண்டாம் அத்தியாயம். பேசும்போது அவன் கை சும்மா இருக்கக் கூடாதே என்றுதான் சாப்பிட வைத்திருந்தேன். நோட்டில் அது இல்லவே இல்லை.

"அவரு சாப்பிட்டுட்டு வந்திருப்பாரு" என்றேன்.

"நீ அப்பிடி எழுதலையே தாயி."

இனி அவன் வாய்திறந்து கூப்பிடவும் வழியில்லை. பேச்சை நிறுத்தியவளே நான்தான். நல்லபாம்பு விஷத்துக்கு அதுதான் அடையாளம் என்று படித்ததை விடாமல் எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டது.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருந்துக்கூடத்தில் உட்கார்ந்து எழுதினேன். மனைவி கஞ்சி கொண்டுவந்து வைக்கிறாள். அவனால் விழுங்க முடியவில்லை. வாசற்படியோரம் தங்கச்சி மாப்பிள்ளை நிற்கிறார். கெட்டவன் இரண்டு விரலால் கஞ்சிக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளுகிறான். அவர் உட்கார்ந்து முழுக்கக் குடிக்கிறார். அதன் பிறகே அவனைச் சாக விட்டேன்.

பாய் நின்றபடியே வாசித்தார்.

"அதானே. அந்த ரெண்டாம் அத்தியாயம் வந்தன்னைக்கு எனக்கும் சோறு இறங்கல. ஏன்னுதான் தெரியல" என்றார். தயாராக வந்திருந்த மச்சினனின் தாள்களை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, என்னுடையதை அச்சுக் கோப்பவரிடம் நீட்டினார்.

அடுத்த வாரம் கட்டு மாற்ற வந்த அம்மாளிடம், "மருமக வாசிச்சாங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"தெருவே அழுதுருச்சு."

"அப்ப அவனை மன்னிச்சாச்சா?"

காலை எனக்கு வாகாக நீட்டினார். "மன்னிச்சாச்சு. இருந்தாலும் தங்கச்சி மாப்பிள்ளைக்கு வெறுங்கஞ்சியா? அம்புட்டுப் பெரிய வீட்டுல ஒரு வெங்காயம்கூடவா இல்ல?"

"கஞ்சி கொண்டுவந்தது அவன் பெண்டாட்டி. வெங்காயம் வைக்காதது அவ குத்தம்" என்றேன்.

கட்டுப் போட்ட காலை ஊன்றி எழுந்தார்.

"அவள நான் முதல்லருந்தே நம்பல" என்றார்.