பச்சைப் பூ

அந்த அலுவலகத் தோட்டத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவளைப் பட்டாசு அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆஸ்டர் செடிகளின் தலையில் தண்ணீர் ஊற்றிய காவலாளியை வாசல்வரை விரட்டியவள் அவள். "வேர்ல ஊத்துய்யா! இலை நனைஞ்சா சாம்பல் பூத்துடும்."

இந்த வருடம் ஊதா ஆஸ்டர் வரிசையில் ஒரு செடி மட்டும் இலை மஞ்சளாகி, பச்சையாகப் பூத்தது. மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புது ரகம் என்று படமெடுத்து முதலாளிக்கு அனுப்பினார். செடியைச் சுற்றிக் கயிறும் கட்டினார்.

"சார், அது அதிசயமில்ல, சீக்கு. தத்துப்பூச்சி இதோட சாற உறிஞ்சிட்டுப் பக்கத்துச் செடில போய் உக்காந்தா அதுவும் போச்சு. மருந்தே கிடையாது. பிடுங்கணும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? அதுல கை வச்சே, வேலை போயிடும்!"

மறுநாள் காலை முதலாளியே பார்க்க வந்தார். மேனேஜர் பெருமையாகக் கை நீட்டிய நேரத்தில், பட்டாசு அக்கா கயிற்றைத் தாண்டிப் போய் அந்தச் செடியை வேரோடு பிடுங்கிச் சாக்கில் போட்டாள்.

மேனேஜர் கத்தினார். "உன் வேலை போச்சு!"

"போகட்டும்," என்றபடி அவள் அடுத்த வரிசைக்குள் இறங்கினாள். "இங்க இன்னும் ரெண்டு மஞ்சளாகியிருக்கு. அதையும் பிடுங்கிட்டுத்தான் போவேன்."