தேய்ந்த குழல்

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் கருவூலத்துக்குக் காவல் நின்ற ஆயுதப்படைக் காவலர்களில் நானும் ஒருவன். சோதனைக்கு வரும் அதிகாரி துப்பாக்கிக் குழலுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பார். உள்ளே பளபளவென்று இருந்தால் சபாஷ், மங்கலாக இருந்தால் வசவு. அதனால் எண்ணெய்த் துணியில் சலித்த செங்கல் பொடியைத் தொட்டு, கயிற்றில் கட்டிக் குழலுக்குள் இழுத்து இழுத்துத் தேய்ப்போம். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆறு வருஷம் அப்படித்தான் நல்ல பெயர் வாங்கினேன்.

ஒருநாள் திருநெல்வேலியிலிருந்து துப்பாக்கி பழுது பார்ப்பவர் வந்தார். என் குழலுக்குள் அளவுக் கம்பியை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரு வே இப்படித் தேச்சது? குண்டுக்கும் குழலுக்கும் நடுவுல சந்து விழுந்துட்டு. மருந்து வெடிச்ச புகைதான் குண்டைத் தள்ளணும். அது சந்து வழியா ஓடிப்போனா வேகம் எங்கன வரும்? குண்டு கீழதான் விழும்."

"எல்லாம் த்ரீ நாட் த்ரீ தானே அண்ணாச்சி?"

"வாய் அளவு ஒண்ணுதான், தோட்டாவும் ஒண்ணுதான். குழல் ஒண்ணா வே? புதுசுலயே ரெண்டு குழல் ஒரே வேகத்துல தள்ளாது. நீரு வேற தேச்சுத் தேச்சுக் கெடுத்துட்டீரு. எழுதிப் போடுதேன், மாத்த நாளாகும்."

மறுவாரமே சுடும் தேர்வு. ஏட்டுப் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம். எனக்கும் என்னோடு காவல் நின்ற இளவயதுக் காவலன் ஒருவனுக்கும்தான் போட்டி. அவன் நன்றாகச் சுடுவான். குழலைத் தேய்க்க மட்டும் சோம்பல், அதற்காகத் தவறாமல் வசவு வாங்குவான்.

பனவடலிசத்திரம் பக்கத்து மேட்டில் வரிசையில் நிற்கும்போது, என் துப்பாக்கியின் கட்டை நீளம், தோளில் இடிக்கிறது என்று அவனிடம் சொன்னேன். பொய். அவன் யோசிக்கவே இல்லை.

"எல்லாம் ஒண்ணுதானே அண்ணாச்சி. என்னோடதை எடுத்துக்கிடுங்க."

நான் தேறினேன். அவன் சுட்ட ஐந்தும் இலக்குப் பலகைக்குக் கீழே மண்ணில் போய்ப் புதைந்தன. அவன் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, கண்ணைக் கசக்கிக்கொண்டான். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் துப்பாக்கியை அவனிடம் நீட்டி, என்னுடையதை வாங்கிக்கொண்டேன். வெட்கமோ பயமோ எதுவும் தோன்றவில்லை, மனசு மரத்துப்போயிருந்தது.

பயிற்சி முடித்து ஏட்டாகத் திரும்பி வந்தபோது அவன் ஒரு வெள்ளைத் தாளோடு என் மேஜைக்கு வந்தான்.

"கண்ணு மங்கிட்டு அண்ணாச்சி. எனக்குத் துப்பாக்கி வேண்டாம்னு ஒரு மனு எழுதித் தாங்க. உங்க கையெழுத்து நல்லாருக்கும்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"ஒண்ணுமில்லங்காரு. குண்டு பொய் சொல்லுமா அண்ணாச்சி?"

எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், பார்வைக் குறைவு காரணமாக என்று தொடங்கி ஒரு பக்கம். வாசித்துக் காட்டச் சொன்னான், காட்டினேன். நன்றி சொல்லிவிட்டு, தாளைக் கண்ணருகே கொண்டுபோய் இடம் பார்த்துக் கையெழுத்துப் போட்டான்.