திராட்சைப் பந்தலில் முடிந்த எர்த் கம்பி

மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகள் போதும் என்று எங்கள் வீட்டில் அப்போது நம்பினார்கள். மூன்றாவது கம்பி, கம்பி விற்கிறவர்களின் நலனுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது என் மாமனாரான மாமாவின் கருத்து. தெய்வங்களின் எண்ணிக்கையில் மிகுந்த தாராளம் காட்டிய குடும்பம், கம்பிகளின் எண்ணிக்கையில் மட்டும் கடுஞ்சிக்கனம் காத்தது. மூன்று முனைப் பிளக்கோடு எது வந்தாலும், அதன் பெரிய முனை வாசலிலேயே குறடால் பிடுங்கப்படும். மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஆகிய எல்லாமே இந்தச் சடங்கைக் கடந்துதான் எங்கள் குடும்பத்தில் சேர்ந்தன. இத்தனை வருடங்களில் எவரும் சாகவில்லை என்பது மாமா காட்டும் ஆதாரம். செத்தவர்கள் ஆதாரம் சொல்ல வருவதில்லை என்று நான் பதில் சொல்லவில்லை. நான் அந்த வீட்டு மருமகளாகி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அந்த நான்கு ஆண்டுகளும் நான் கோவையில் இருந்தேன். என் கணவர் ராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில், தம் தந்தையோடு திராட்சைத் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஒரு பேருந்து, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு பேருந்து. எங்கள் இல்லறம் அவற்றின் கால அட்டவணைக்கு உட்பட்டு நடந்தது. நான் வேலை பார்த்த நிறுவனம், தண்ணீர் மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகைகளைச் செய்தது. அவற்றைச் சோதித்துத் தேர்ச்சி கொடுப்பது என் வேலை. ஆறு மாதம் மன்றாடிய பிறகு, சோதனைக் கருவியை என் வீட்டிலேயே வைத்துக்கொள்ள இசைந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஆய்வுப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து, கருவி பாதுகாப்பாக நிறுவப்பட்டிருக்கிறது என்று கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் பெட்டி கோவைக்குத் திரும்பும். பெட்டியின் பின்னால் நானும்.

பெட்டி என்றது சேசிஸை. புத்தக அலமாரியின் ஒரு தட்டைப் போன்ற உலோகக் கூடு அது. அளவிடும் கருவிகள் ஒவ்வொன்றும் ஓர் அட்டையாக, புத்தகத்தைப் போல நின்ற வாக்கில் அதில் செருகப்படும். வேண்டிய நூலை வைத்துக்கொள்ளலாம். வேண்டாததை உருவி விடலாம். என் வாழ்வில் நான் கண்ட மிக ஒழுங்கான நூலகம் அதுதான். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருந்தது. என் கணவர் தனியாகவே தூக்கினார். பிறகு இரண்டு நாள் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு, கையேடு சொல்வதிலும் விஷயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

நெல் மூட்டைகள் இருந்த அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். மேசையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டேன். பெட்டியின் பின்புறம் மின்விசிறிகள் இருந்தன. அவற்றுக்குக் காற்று வேண்டும். அத்தை வாசற்படியில் நின்று அந்த வெற்றிடத்தை வெகுநேரம் அளந்தார்.

“ஏத்தா, பின்னாடி எம்புட்டு எடம் சும்மா கெடக்கு. செவத்தோட ஒட்டிப் போட்டா ரெண்டு மூட்டை அங்கன வைக்கலாம்ல?”

“அது மூச்சு விடணும் அத்தை.”

“ஆமா, இந்த வீட்டுல அது ஒன்னுதான் மூச்சு விடாமத் தவிக்குதாக்கும்.”

மறுநாள் காலையில் பெட்டியின் மேல் பூப்போட்ட துணி உறை ஒன்று படர்ந்திருந்தது. தொலைக்காட்சிக்குத் தைத்ததில் மிஞ்சியது. பெட்டியில் அட்டை செருகாமல் காலியாக இருந்த அறைகளில் ஒன்றில் எலுமிச்சம்பழமும், இன்னொன்றில் மடித்த திருநீற்றுப் பொட்டலமும் குடியேறியிருந்தன. இடம் காலியாக இருந்தால் தெய்வத்துக்கு ஒதுக்குவதே முறை. நான் உறையை மடித்துப் பீரோவில் வைத்தேன். பழத்தை ரசத்துக்குக் கொடுத்தேன். காலி அறைகளைத் தகடு வைத்து மூடினேன். மூடாமல் விட்டால் காற்று குறுக்கு வழியில் போய்விடும், சூடான அட்டைக்குச் சேராது. “காத்துக்கே வழி சொல்ற மருமவ” என்று அத்தை பக்கத்து வீட்டாரிடம் என்னைப் பற்றிச் சொன்னது சமையலறைவரை கேட்டது. அதில் பெருமையும் கொஞ்சம் கலந்திருந்ததாகவே எனக்குப் பட்டது.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான மூன்றாவது கம்பி மிஞ்சியிருந்தது. பெட்டியின் உலோக உடம்பு பூமியோடு இணைந்திருக்க வேண்டும். உள்ளே எங்காவது மின்சாரம் கசிந்தால், அது மனிதரைத் தேடாமல் மண்ணைத் தேடிப் போவதற்கான வழி அது. வீட்டுக்குப் பின்னால் ஆழமாகக் குழி தோண்டி, செம்புக் கம்பியை நட்டு, உப்பும் கரியும் போட்டு மூட வேண்டும் என்று ஒரு தாளில் படமே வரைந்து மாமாவிடம் கொடுத்தேன். “ஒயர்மேன் நம்ம பய. நீ கோயமுத்தூரு போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்” என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்த்தேன். வீட்டுப் பின்சுவரை ஒட்டி, புத்தம்புதுச் சிமெண்டு மூடி ஒன்று, வெள்ளையடித்து, நடுவில் குங்குமம் வைத்துப் பளபளத்தது. அவ்வளவு அழகான மூடிக்கு அடியில் எதுவும் இல்லாமல் இருக்கும் என்று சந்தேகிப்பது பண்பாகாது.

இருந்தாலும் நான் படித்தவள். மீட்டரை எடுத்து, மின்சாரம் வரும் கம்பிக்கும் எர்த் கம்பிக்கும் இடையே அளந்தேன். இருநூற்றுச் சொச்சம் வோல்ட் காட்டியது. திருப்தியோடு மீட்டரை உறையில் போட்டேன். மீட்டர் துளி மின்சாரம் கிடைத்தாலே தலையாட்டிவிடும் பிராணி; ஒரு குண்டு பல்பை மாட்டிப் பார்த்திருந்தால் அது எரியாமல் நின்று உண்மையைச் சொல்லியிருக்கும். படிக்காதவர்கள் செய்யும் தவறுகளைத் திருத்தப் படித்தவர்கள் வருவார்கள். படித்தவர்கள் செய்வதைத் திருத்த யாரும் வருவதில்லை. முதலில் அவர்கள் விடுவதில்லை.

ஆய்வுக்குப் பத்து நாள் இருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, தினமும் காலையிலிருந்து மாலைவரை பெட்டியை ஓட்டிப் பார்த்தேன். அட்டையைத் தொடுமுன் நம் உடம்பில் உள்ள மின்னூட்டம் வடிய வேண்டும் என்பதற்காக, மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி அதைப் பெட்டியோடு இணைத்துக்கொள்வேன். “கட்டிப் போட்டாத்தான் ஒரு எடத்துல ஒக்காருவாளாக்கும்” என்றார் அத்தை. என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாமா சொன்ன ஏதோ வெளிவேலைக்குப் போய்விட்டார்.

ஏழாம் நாள் காலையில், காபியோடு நான் தோட்டத்துக்குப் போனேன். கொடிகளை வெட்டிவிடும் கவாத்து நடந்துகொண்டிருந்த நேரம். கூலியாட்கள் ஒருவரையும் காணவில்லை. முந்தின நாள் பாய்ச்சிய தண்ணீரில் மண் ஊறிக் கிடந்தது. பந்தலுக்கு அடியில் மாமா மட்டும் நின்று கொடி வெட்டிக்கொண்டிருந்தார். காலில் ரப்பர் பூட்ஸ்.

எங்கள் தோட்டத்தில் செருப்போடு யாரும் கொடிக்கு அடியில் நுழைவதில்லை. காய்க்கிற பூமியை மிதித்து அவமதிக்கக் கூடாது என்பது மாமாவின் சட்டம். வியாபாரத்துக்கு வந்த வெளியூர்ப் பெரிய மனிதர் ஒருவரைத் தம் விலையுயர்ந்த காலணியை வரப்பில் கழற்றிவிட்டு முள்ளில் நடக்க வைத்தவர் அவர். அந்த மாமா பூட்ஸ் அணிந்து நின்றார்.

“என்ன மாமா, கால்ல?”

“சேறு.”

“சேறு இந்த வருசம்தான் புதுசா வந்திருக்கா?”

“ஒனக்கென்ன, நீ போயி ஒம் பொட்டியப் பாராத்தா.”

நான் சிரித்துக்கொண்டே, காபித் தூக்கை மாட்டுவதற்காகப் பந்தல் கம்பியை நோக்கிக் கையை உயர்த்தினேன்.

“தொடாத!”

மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் என்னை அதட்டியதில்லை. அவர் குரலில் இருந்தது கோபமும் அல்ல. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “சுருக்குனு இழுக்கும்” என்றார் மெதுவாக.

“எத்தனை நாளா?”

“ஒரு வாரமா. எறும்பு கடிச்சாப்புல. ஈரத்துல வெறுங்காலோட நின்னாத்தான். சாயங்காலம் நீ பொட்டிய அமத்திட்டா ஒன்னுமில்ல.”

“பெட்டிக்கும் பந்தலுக்கும் என்ன சம்பந்தம் மாமா?”

அவர் கொடியைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் இரண்டடிக்குக் கீழே பாறை. ஒயர்மேன் திகைத்து நின்றபோது யோசனை சொன்னவர் மாமாதான். பந்தலின் இரும்புக் கம்பிகள் தோட்டம் முழுவதும் ஓடுகின்றன. அவற்றைத் தாங்கும் கல்தூண்கள் ஒவ்வொன்றும் மண்ணுக்குள் நிற்கின்றன. “அத்தன தூணு பூமிய முட்டி நிக்கயில, ஒத்தக் குச்சிய நட்டு என்னாகப் போகுது?” என்று கேட்டாராம். ஒயர்மேனும் எர்த் கம்பியைப் பந்தல் கம்பியில் முடிந்துவிட்டு, வெறும் மண்மேல் மூடியைப் பூசிவிட்டுப் போயிருக்கிறார். கேட்பதற்கு என்ன அருமையான வாதம்! கல் மின்சாரத்தைக் கடத்தாது என்ற ஒரு சிறு குறைதான் அதில் இருந்தது. ஆகவே பெட்டியிலிருந்து இயல்பாகக் கசியும் சொற்ப மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல், பந்தல் முழுக்க உலாவி, கிடைத்த ஒரே வழியாக என் மாமனாரின் ஈரக்காலைப் பயன்படுத்திக்கொண்டது. கசிவு மட்டும் என்பதால் எறும்புக்கடி. பெட்டிக்குள் ஒரு கம்பி அறுந்து அதன் உலோக உடம்பில் பட்டிருந்தால், முழு மின்சாரமும் அந்தப் பந்தலில் காத்திருந்திருக்கும்.

“ஏன் மாமா எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா? கோயமுத்தூர்லருந்து வர்ற அந்தம்மா பொட்டியத் தூக்கிட்டுப் போயிருவாக. நீயும் பின்னாடியே போவ. அவன் மறுபடியும் வெள்ளிக்கிழம ஆனா பஸ் ஸ்டாண்டுல போயி நிப்பான். கையெழுத்து ஆகட்டும்னு பாத்தேன். கூலியாளுகள வர வேணாம்னுட்டேன். அவனையும் பந்தப் பக்கம் வர விடாம வெளிவேலைக்கு அனுப்பிட்டேன்.”

ஒரு வாரமாக அந்தப் பந்தல் முழுவதையும் அவர் தனியாளாக வெட்டியிருக்கிறார், முதலில் எறும்புக்கடியை ஏற்றுக்கொண்டு, பிறகு தம் சட்டத்தையே மீறிப் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, என்னைக் காட்டிக்கொடுக்காமல். ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு திரும்பி வந்து, ஆறிய காபியைக் கொடுத்தேன். இருவரும் வரப்பில் உட்கார்ந்தோம்.

ஒயர்மேனை வரவழைத்தோம். வந்தவர் முதலில் மூடியின் அழகைப் பற்றிப் பேசினார். பிறகு, “அக்கா, ஐயா சொன்னாக, செஞ்சேன். ஐயா பேச்ச மீறுனா ஊருல எனக்கு வேல இருக்குமா?” என்றார். நியாயம்தான். அறிவியல் விதிகளை மீறினால் ஊரில் யாரும் கேட்பதில்லை. குளியலறைத் தண்ணீர் போய் வாழை நிற்கிற மூலையில் மண் ஆழமாக இருந்தது. அங்கே ஆளுயரத்துக்கும் மேலே தோண்டினார்கள். என் கணவர் கரி சுமந்தார். உப்பு மூட்டையைப் பார்த்த அத்தை, “ஊறுகா போடப் போறியளா, கரண்டு போடப் போறியளா?” என்று கேட்டார். ஒயர்மேன் பல்பை மாட்டிச் சோதித்தபோது, அது பளிச்சென்று எரிந்தது. மாமா அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். “ஒரே ஒரு குச்சிக்கா இம்புட்டு வெளிச்சம்?” என்றார். தோல்வியை அவர் அதற்கு மேல் விளக்கமாக ஒப்புக்கொள்வதை நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆய்வுப் பொறியாளர் குறித்த நாளில் வந்தார். என்னைவிட வயதில் சிறியவர், தம் சொந்தக் கருவிகளோடு வந்தவர். பெட்டியின் பின்னால் உள்ளங்கையை வைத்துக் காற்றைப் பார்த்தார். அவசரத்தில் பிளக் கைக்கு எட்டுகிறதா என்று இழுத்துப் பார்த்தார். எர்த் குழியை அளந்தார். எண்கள் எல்லாம் நன்றாக இருந்தன. அப்படியே கையெழுத்தாகியிருக்கும். படிவத்தில், ‘முன்னர் ஏதேனும் கோளாறு நேர்ந்ததா’ என்று ஒரு வரி இருந்தது. எல்லோரும் ‘இல்லை’ என்று எழுதும் வரி அது. நான் பந்தலைப் பற்றி எழுதினேன். மீட்டரை நம்பிய என் தவறையும் எழுதினேன். மாமா கதவோரம் நின்று என் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் படித்தார். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

“நீங்கதான் ஒரு வாரம் தொட்டுப் பாத்தீங்களாய்யா?”

“ஆமா தாயி. தப்பு எம்மேல. அந்தப் புள்ள மேல ஒன்னும் எழுதிராதீக.”

“வீட்டு ஒயரிங் முழுக்க மூணு கம்பியா மாத்தணும். கசிவு வந்தா தானா அணையுற ஸ்விட்ச் போடணும். ஒரு மாசத்துல போட்டோ அனுப்புங்க.” அதை ஒரு குறிப்பாக எழுதிவிட்டுக் கையெழுத்திட்டார். அத்தை அவருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிய திராட்சையை ஒரு பை நிறையக் கொடுத்து, பெட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு மூட்டை வைக்கலாமா என்று கடைசியாகக் கேட்டுப் பார்த்தார். கூடாது என்றார் அவர்.

நான் கோவைக்குத் திரும்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமை என் கணவர் பழக்கத்தில் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாதி வழியில் நினைவு வந்து திரும்பினார். மாமா அதன் பிறகு மூன்று கவாத்துகள் பார்த்தார். நான்காவதற்கு முன், ஐப்பசி மழையில், இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டார். தோட்டத்தை இப்போது அவர் மகன் பார்க்கிறார். பகலில் வீட்டில் அத்தையும் நானும் இருக்கிறோம்.