சண்டைக்கு ஓர் அடுப்பு

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே, ஆற்றங்கரையை ஒட்டிய எங்கள் குடியிருப்பில், ஒரே அறைக்குள் ஏழு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நாங்கள் மூன்று பிள்ளைகள். குறுக்கே கட்டிய பழைய சேலைக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவும் சித்தியும். ஒருவர் புரண்டு படுத்தால் ஏழு பேருக்கும் தூக்கம் போய்விடும். குழாய்க்கும் வரிசை, கக்கூசுக்கும் வரிசை. வரிசையில் நின்றே பாதி ஆயுள் போய்விட்டது எங்களுக்கு.

சித்தப்பாவுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. அன்று அப்பா கடை வேலைக்கும் அம்மா சந்தைக்கும் போனதும் சித்தி எங்களைக் கூப்பிடுவாள்.

"பாலத்துல நின்னு பஸ் எண்ணிட்டு வாங்க. நூறு எண்ணாம வரக்கூடாது, சரியா?"

நாங்களோ இருபதிலேயே சலித்துப்போய், பசிக்கிறது என்று ஓடிவந்துவிடுவோம். "அதுக்குள்ள நூறா?" என்பாள். திட்டமாட்டாள்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, மாடிவீடு தரப்போவதாகச் சொல்லிப் பெயர் பதிய அரசாங்க ஐயா ஒருவர் வந்தார். ஓர் அடுப்புக்கு ஒரு வீடு என்பதுதான் கணக்காம். எங்களிடம் இருந்ததோ ஒரே அடுப்பு. சித்தி அன்றே மூலையில் மூன்று செங்கல்லை வைத்துத் தனியாக ஓர் அடுப்பு மூட்டினாள். கரிகூடப் பிடிக்காத அடுப்பை யார் நம்புவார்கள்? ஐயா அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார் என்று கேள்விப்பட்டதும், அம்மாவும் சித்தியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு சண்டையைத் தயார் செய்தார்கள். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டேதான் செய்தார்கள்.

மறுநாள் காலை, குழாயடியில் கூட்டம் நிற்கும் நேரமாகப் பார்த்து, வாசலில் நின்று சித்தி தொடங்கினாள்.

"ஒங்க புள்ளைங்களுக்கு வடிச்சுக் கொட்டியே என் இடுப்பு ஒடஞ்சுபோச்சுக்கா. இனிமே என் ஒல தனி!"

"போடீ! நானா ஒன்னய வடிக்கச் சொன்னேன்?" என்றாள் அம்மா.

அதுவரை பேசிவைத்தபடிதான் நடந்தது. வரிசையே திரும்பி வேடிக்கை பார்த்ததும் அம்மாவுக்கு வேகம் வந்துவிட்டது. "புள்ள பெத்திருந்தாத்தானே ஒனக்குப் புள்ளைங்க பசி தெரியும்!"

சித்தி உள்ளே போய்ச் சேலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அடேயப்பா, என்ன நடிப்பு என்று நான் கை தட்டினேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கு அடி என்று எனக்கு விளங்கவேயில்லை.

ஐயா அடுப்பு இரண்டையும் பார்த்துவிட்டு, கதவில் அடுப்புக்கு ஒன்றாக இரண்டு இலக்கம் எழுதிப்போனார். ஜெயித்துவிட்டோம் என்று நான் குதித்தேன். அம்மா சேலைக்கு இந்தப் பக்கம் நின்று, "வாய் தவறி வந்துருச்சுடி" என்றாள். "பரவால்லக்கா" என்று சித்தியின் குரல் மட்டும் வந்தது. அடுப்புகள் அதற்குப் பிறகு ஒன்றாகவில்லை. நான் இரண்டிலும் சாப்பிட்டேன். எனக்கு லாபம்தான்.

மாடிவீடு இன்னும் வந்தபாடில்லை. அதே வரிசையில், நாலு கதவு தள்ளி, எனக்கும் கல்யாணமாகி ஓர் அறை. குறுக்கே என் சேலை, அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பம். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அவர் மனைவியும் வெளியே போனதும், என் வீட்டுக்காரர் வீட்டில் இருக்க, அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாலத்தில் நின்று பஸ் எண்ணிவரச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

நாங்கள் ஒருநாள்கூட நூறு வரை எண்ணியதில்லை.