கால் மணி, கால் மணியாகத் தூக்கம்

இந்த ஊரில் தூக்கம் வரவில்லை என்று போனால், தூங்காதே என்று எழுதிக் கொடுக்கிறார்கள். மாத்திரையை எதிர்பார்த்துப் போன எனக்கு, மார்கரெட் என்ற சிகிச்சையாளர் தந்தது நேர அட்டவணை. இரவு ஒரு மணிக்கு முன் படுக்கக் கூடாது, ஆறு மணிக்கு மேல் கிடக்கக் கூடாது, பகலில் கண்ணயரக் கூடாது. தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். படுக்கை தூங்குவதற்கு மட்டும்தானாம்.

"படுக்கையில் வேறென்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். சாப்பிடுவேன், சீரியல் பார்ப்பேன், துணி மடிப்பேன், மனைவியோடு சண்டை போடுவேன் என்றேன். நோயின் அறிகுறிபோலக் குறித்துக்கொண்டார். திருப்போரூரில் எங்கள் வீட்டின் ஒரே கட்டில்தான் சோபா, சாப்பாட்டு மேசை எல்லாம். தூங்குவதற்கு மட்டும் அதைத் தொட்டதில்லை. தரையில் பாய் விரித்துப் படுத்தோம். இதை எப்படி விளக்குவது?

டொரொண்டோவில் நான் பேருந்து ஓட்டுபவன். ஆறு மாதமாக விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். இப்போது தூங்கினால் நாலு மணி நேரம், இப்போது தூங்கினால் மூன்று என்று கணக்குப் போட்டு, கடைசியில் பயணிகள் அத்தனை பேரோடும் ஒண்டாரியோ ஏரியில் இறங்கிவிடுவேன், கற்பனையில். நிஜத்தில் ஒருநாள் ஒரு நிறுத்தத்தைப் பார்க்காமலே தாண்டினேன். பயந்துபோய் நானே மேலாளரிடம் சொன்னேன். தூக்கம் சீராகும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதே என்று டிப்போவில் உட்கார வைத்தார். ஒரு மணிவரை விழித்திருந்தால்தான் வேலை மிஞ்சும். தூங்காதே என்றதும், இந்தக் கழுதைக்குப் பத்தரைக்கே கண் சொருகியது!

காப்பாற்றியவன் ஏழுமலை. கூடப் படித்தவன், திருப்போரூரில் மனை விற்கிறான். என் இரவு பத்தரை அவனுக்குக் காலை எட்டு. வீடியோவில் என்னை அழைத்து, டீக்கடை, கோயில் வாசல், கோவளத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா, மனைகள் என்று கையோடு கொண்டு சுற்றினான்.

"தூக்கம் வர்லன்னு டாக்டராண்ட போனா, தூங்கவே வுடமாட்டேன்றாங்களா? இன்னா ஊருடா அது!"

"சிகிச்சைடா."

"டேய், கொட்டாவி வுடாத. பார்ட்டி பாக்குறாரு."

மனை பார்க்க வந்தவரிடம் என்னைக் காட்டினான். "அண்ணாத்த, இவுரு கனடா. ராத்திரி பூரா தூங்காம நம்ம மனையவே பாத்துகினு கீறாரு." அவர் என் கண்களைப் பார்த்துவிட்டு, "பாவம், அவருக்கே குடுத்துடுங்க" என்றார்.

மூன்றாம் வாரம், தலை சாய்த்ததும் தூங்கினேன். ஏழுமலைக்கும் ஆசை வந்தது. "எனக்கு மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது மச்சான். அந்தம்மாவ கேளேன்." என்னுடையது தொடங்காத வகை, அவனுடையது சீக்கிரம் முடிந்துவிடும் வகையாம். எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று கேட்டார் மார்கரெட். எட்டுக்கு. இப்போது பத்துக்குப் படுக்கிறான், ஐந்துவரை தூங்குகிறான்.

எனக்கு வாரத்துக்குக் கால் மணியாக நேரத்தைக் கூட்டினார் மார்கரெட். போன வாரம் பேருந்து திரும்பக் கிடைத்தது. மார்கரெட்டுக்கும் ஏழுமலைக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் இங்கே தூக்கம் ஒரு கால் மணி கூடும்போதெல்லாம், அங்கே ஒரு கால் மணிக் காலை குறைந்தது. முதலில் மனை பார்க்க வருபவர்கள் திரையிலிருந்து போனார்கள். பிறகு கோவளத்து மீன்காரம்மா போனார். இப்போது எனக்குப் பதினொன்றரைக்கே படுக்கை, அங்கே ஒன்பது.

நேற்று அவன் முகத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோதே, "போ மச்சான், டைம் ஆயிடுச்சு" என்று ஃபோனை வைத்தான். நன்றாகத் தூங்கினேன். திருப்போரூரில் அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது.