சுண்ணாம்பு பட்ட கண்ணுக்குத் தண்ணீர்

வேணு கம்பவுண்டர் போய்விட்டார். இன்று காலை, விழுப்புரத்தில், தூக்கத்திலேயே.

தொண்ணூற்றைந்து வயது. கல்யாணச் சாவு என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம்... அதைப் படிக்கிற பொறுமை இன்று எனக்கு இல்லை.

எனக்கே எண்பத்தெட்டு. இந்த ஃபோனில் ஒன்றைத் தட்டினால் வேறொன்று விழுகிறது. பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

சீன யுத்தம் முடிந்த சமயம். திண்டிவனத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. இப்போது அந்த இடத்தில் செல்ஃபோன் கடை. முகையூரிலிருந்து புதிதாக வந்த நர்ஸ் நான். அவர் காணை ஊர்க்காரர், அங்கே மருந்து கலக்கிக் கொடுக்கும் கம்பவுண்டர்.

பொங்கல் நெருங்கினாலே எங்களுக்குக் கண் கேஸ்தான். ஊரெல்லாம் வெள்ளையடிப்பார்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும்... குனிந்து பார்த்தவர் கண்ணில் விழும்.

அப்படித்தான் பனமலைப் பக்கமிருந்து ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய், அதன் மேல் தாய்ப்பால். கருவிழி வெந்த முட்டை மாதிரி வெளுத்திருந்தது.

வேணு அண்ணன் அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஏரிக்கரை மேலயேதான வந்துக்கினு இருந்தீங்க... ஒரு கை தண்ணி அள்ளி ஊத்தக் கூடாதாய்யா?"

அந்த ஆள் அழுதுகொண்டே சொன்னார். "சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்குங்களே... கண்ணு வெந்துபூடாதுங்களா?"

பானை கொதித்ததை நேரில் பார்த்த மனிதர். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? எங்கள் டாக்டரே அதைத்தான் நம்பினார். புளிப்பு சேர்ந்த சொட்டு மருந்து கலந்து விட்டால்தான் சுண்ணாம்பு அடங்கும், அதற்கு முன் தண்ணீர் படவே கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

அன்றைக்குப் பிடித்த வெறி அண்ணனுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறிக்கடையில் ஆட்டுக் கண் வாங்கி வருவார். "கண்ண மட்டும் வாங்கிக்கினு போறியே கம்பவுண்டரே, என்னா கொழம்பு வெக்கிற?" என்று கடைக்காரர் கேட்காத வாரமே இல்லை.

ஆஸ்பத்திரிப் பின்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணிலும் சுண்ணாம்பு வைப்பார். ஒன்றை உடனே கழுவுவார். அடுத்ததை ஒரு நிமிடம் கழித்து... அதற்கடுத்ததை இரண்டு... சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வது என் வேலை.

உடனே கழுவியது பளிச்சென்று இருந்தது. ஒரு நிமிடத்துக்கு லேசான மூட்டம். அதற்கு மேல் போகப் போக வெள்ளை. எண்ணெய் விட்டது, சொட்டு மருந்துக்காகக் காத்திருந்தது எல்லாமே வெள்ளை. ஒன்று விடாமல் நோட்டில் எழுதினார்.

டாக்டர் அந்த நோட்டைப் பிரிக்கக்கூட இல்லை. "தண்ணி ஊத்திக்கறதுக்கு எவன்யா ஆஸ்பத்திரிக்கு வருவான்? போய் மிக்ஸ்சர் கலக்கற வேலையப் பாரு."

கெஞ்சிக் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பின்கட்டுக்கு வரவழைத்தார் அண்ணன். கண்ணெதிரே செய்து காட்டத்தான் புதுக் கல்லில் தண்ணீர் விட்டார். கொதித்த வேகத்தில் தெறித்து அண்ணனின் இடது கண்ணிலேயே விழுந்தது.

"தண்ணி ஊத்து சிஸ்டர்! ஜல்தி!"

செம்பு என் கையில்தான் இருந்தது. நிறையத் தண்ணீர்.

"ஸ்டாப்! தண்ணி படக்கூடாது. நான் ட்ராப்ஸ் கொண்டாறேன்" என்று டாக்டர் உள்ளே ஓடினார்.

உள்ளே பாட்டில் காலி. அதைக் கலக்கத் தெரிந்த ஒரே ஆள் வெளியே தரையில் புரண்டுகொண்டிருக்கிறார். டாக்டர் அலமாரியை உருட்டுகிற சத்தம் கேட்கிறது... நான் செம்போடு நிற்கிறேன். அத்தனை ஞாயிறும் நேரம் பார்த்துச் சொன்ன நான். வேலை போய்விடும் என்று பயம். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது, இன்றைக்கும்.

கடைசியில் அண்ணனே தட்டுத் தடுமாறி எழுந்து, செம்பைப் பிடுங்கி ஊற்றிக்கொண்டார்.

இடது கண் போய்விட்டது.

கட்டுப் போட்ட கண்ணோடு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "தண்ணி படறதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சி சிஸ்டர்? கரெக்டா சொல்லு."

"ஒரு நிமிஷம் இருக்கும்ணே" என்றேன்.

பொய். கடிகாரம் எனக்கு நேர் எதிரில்தான் இருந்தது.

எழுதினார். எழுதியதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷத்துக்கே பூட்ச்சின்னா... ஆட்டுக் கண்ணு வேற, மனுசன் கண்ணு வேற போல இருக்குது. நான்தான் பைத்தியக்காரன் மாதிரி..."

அடுத்த ஞாயிறு கறிக்கடைப் பக்கம் அவர் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்.

பல வருடம் கழித்து ஒரு நர்ஸ் ட்ரெய்னிங்கில் சொன்னார்கள்... சுண்ணாம்பு பட்டால் முதலில் தண்ணீர், உடனே, நிறைய, மருந்தெல்லாம் அப்புறம். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கை வரவில்லை.

மறுநாளே சொல்லிவிடுவது என்று பஸ் ஏறி விழுப்புரம் போனேன். அண்ணி மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வேகவைத்துக் கொடுத்தார். மழை இல்லாதது, பஸ் கூட்டம்... என்னென்னவோ பேசினோம். "தண்ணிதான் சரின்னு இப்ப சொல்றாங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

"அப்டியா? எனக்கு ஒத்து வரலியே சிஸ்டர்" என்று சிரித்தார்.

பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு எத்தனை கல்யாணத்தில், எத்தனை சாவில் பார்த்திருப்போம்...

அண்ணே, நீங்கள் எழுதியதில் தப்பு அந்த ஒரு வரிதான். நாலு நிமிடம் ஆனது. முழுசாக நாலு.

போய் வாருங்கள்.